ஆலோசனை கேட்டார்களாம், எந்த மொழியில்?

கோயில் வாசலில் அறிவிப்புப் பலகை. அதில் ஆங்கிலத்தில் ஒரு தாள். தமிழ்த் திருப்பலி இனி வாரந்தோறும் கிடையாது, மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும். பங்குப் பேரவையைக் கலந்து ஆலோசித்த பிறகு எடுத்த முடிவு. அவ்வளவுதான் செய்தி.

என் அம்மா தோட்டத்தில் பிறந்தவர். இருட்டோடு எழுந்து பால்மரம் சீவியே எங்களை வளர்த்தவர். ஆங்கிலம் தெரியாது. "என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நம்மகிட்ட யாருமே கேக்கலையேய்யா?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

இது கோயில் சண்டை அல்ல

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். "இது உங்கள் மாதா கோயில் விவகாரம், உரிமைப் போராட்டம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

"கலந்தாலோசித்துதான் முடிவெடுத்தோம்" என்ற வார்த்தை மலேசியத் தமிழனுக்குப் புதிதா? 1957 முதல் நம்மைப் பற்றிய முடிவுகள் எல்லாம் யாரோ ஒருவரைக் கலந்துதான் எடுக்கப்பட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய் செம்பனை வந்தபோதும், செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோதும், லயங்களை விட்டு நம்மை வெளியேறச் சொன்னபோதும், நம் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் மேசையில் உட்கார்ந்துதான் இருந்தார். உட்கார்ந்தவருக்கு நாற்காலி கிடைத்தது. நமக்கு அறிவிப்பு கிடைத்தது. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப் புகைக்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் நடுவில் நின்ற மக்கள் எதற்காக நின்றார்கள்? எங்களைப் பற்றிப் பேசுவதானால் எங்களிடமே பேசுங்கள் என்பதும் அதற்குள் இருந்தது. அன்று அங்கே யாரும் யாருடைய மதத்தையும் கேட்கவில்லை.

தமிழர்களில் கத்தோலிக்கர் சிறுபான்மை. கத்தோலிக்கரில் தமிழ் மட்டுமே தெரிந்தவர் இன்னும் சிறுபான்மை. சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக இருப்பவனுக்கு உரிமை எப்படி நழுவுகிறது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. இங்கே தடியடி கிடையாது. புன்னகையும் ஜெபமும் தேநீரும் உண்டு. ஆனால் முடிவு மட்டும் வேறெங்கோ எடுக்கப்பட்டு வந்து சேரும்.

கூட்டரசு அரசியல் சட்டத்தின் 11(3) பிரிவு, ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமய விவகாரங்களைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. நல்லது. அந்த "தான்" யார்? பங்குத்தந்தையும் ஆங்கிலம் பேசும் பத்துப் பேரும் மட்டுமா? கடைசி வரிசை பெஞ்சில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கும் என் அம்மா அதில் சேர்த்தி இல்லையா?

தோட்டத்தில் நடத்தியவர்கள், நகரத்தில் பார்வையாளர்கள்

"பொதுநிலையினர் பங்கேற்பு" என்று இன்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். படம் போட்டு விளக்குகிறார்கள். தோட்டத்து மக்களுக்கு அது புதுப்பாடம் அல்ல.

தோட்டத்துக் கோயிலுக்குச் சாமியார் எப்போதாவது வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்தியது யார்? உபதேசியார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தது, சாகக்கிடப்பவர் பக்கத்தில் இருந்து ஜெபித்தது, அடக்கத்துக்கு முன்நின்றது, கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தது, திருநாளுக்கு வரி வசூலித்தது, வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி எல்லார் முன்னாலும் வாசித்தது, எல்லாம் தோட்டத்து மக்கள். எல்லாம் தமிழில். அவர்கள் எந்தச் சங்க ஏட்டையும் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. செய்ய வேறு ஆள் இல்லை, செய்தார்கள்.

நகரத்திலும் கதை வேறல்ல. சிங்கப்பூரில் 1888இல் எழுந்த லூர்து மாதா ஆலயம், கோலாலம்பூர் புடுவில் 1910இல் எழுந்த புனித அந்தோணியார் ஆலயம், இவையெல்லாம் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்தவை. கூலி வேலைக்கும் கிராணி வேலைக்கும் வந்தவர்களின் காசு அந்தச் சுவர்களில் இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது? தோட்டம் போனது. தோட்டத்துக் கோயிலும் போனது. மக்கள் தாமானுக்கும் மலிவு அடுக்குமாடிக்கும் வந்தார்கள். நகரத்துப் பங்கில் சேர்ந்தார்கள். நேற்றுவரை கோயிலை நடத்தியவர்கள் இன்று பார்வையாளர்கள். உபதேசியார் மகனுக்குக் கார் நிறுத்துமிடத்தை ஒழுங்குபடுத்தும் வேலை கிடைத்தது. மகளுக்குச் சமையல் குழுவில் இடம் கிடைத்தது. பேரவையில் மட்டும் இடம் இல்லை. ஏனென்றால் பேரவை ஆங்கிலத்தில் நடக்கிறது.

ஆங்கிலம் தெரியாதது பாவமா? ஞானஸ்நானம் கொடுத்தபோது மொழித் தேர்வு வைத்தார்களா?

1976ஐ மறந்துவிட்டோமா?

மலேசியத் திருச்சபைக்கு இதெல்லாம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வெளிநாட்டு மிஷனரிகள் இங்கே தங்குவதற்குக் காலவரம்பு விதிக்கப்பட்டதால், இனி வெளியிலிருந்து குருக்கள் வந்து நம்மைத் தாங்கமாட்டார்கள் என்ற நிலை வந்தது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கில் கூடி ஏறக்குறைய ஒரு மாதம் உட்கார்ந்து பேசினார்கள். அந்த மாதம் பங்குகளில் ஜெபத்தை நடத்தியவர்கள் பொதுநிலையினர்தான். வானம் இடிந்து விழவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்துதான் அன்பியங்கள் வந்தன. பொதுநிலையினர் பயிற்சி வந்தது. அதன்பின் 1986, 1996, 2006, 2016 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை மாநாடு கூட்டி அதே பாதையில் நடப்பதாக உறுதி எடுத்தார்கள்.

உறுதி எடுத்தது தவறில்லை. அந்த உறுதி பங்குக் கோயிலின் படியேறி உள்ளே வந்ததா என்பதே கேள்வி.

சட்டத்தைக் கையில் எடுத்துப் படியுங்கள்

நம் ஆட்களில் பலர் "சாமி சொன்னா சரி" என்று விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் "நாமும் வாக்கெடுப்பு நடத்தி சாமியாரைத் தோற்கடிப்போம்" என்று கிளம்புவார்கள். இரண்டு பேரும் திருச்சபைச் சட்டத்தைப் படிக்காதவர்கள்.

பங்கு மேய்ப்புப்பணிப் பேரவையை நம் ஊரில் சுருக்கமாக பி.பி.சி. என்பார்கள். லண்டன் வானொலி அல்ல. ஆனால் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: அங்கிருந்து ஆங்கிலத்தில் செய்தி வரும், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்!

1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 536ஆம் எண் இதைப் பற்றிச் சொல்கிறது. ஆயர் நல்லது என்று கருதினால் ஒவ்வொரு பங்கிலும் பேரவை அமைக்கப்படும். பங்குத்தந்தை தலைமை தாங்குவார். பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. 1997இல் உரோமை வெளியிட்ட அறிவுரை இதை இன்னும் இறுக்கிக் கட்டியது: பங்குத்தந்தை தலைமை இல்லாமல் பேரவை எடுக்கும் முடிவு செல்லாது.

ஆகவே வாக்கு எண்ணி வெல்லலாம் என்ற கனவு வேண்டாம். ஆனால் இதைச் சொல்லி நம் வாயை அடைக்கிறவர்கள், அதே புத்தகத்தின் மற்றப் பக்கங்களைத் திருப்புவதில்லை.

537ஆம் எண்: ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும். இதில் "ஆயர் கருதினால்" என்ற வார்த்தை கிடையாது. கட்டாயம்.

1287ஆம் எண்: விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்குக் காட்ட வேண்டும், அந்தந்த இடத்து விதிகளின்படி.

212ஆம் எண்: திருச்சபையின் நன்மைக்கானதைத் தம் மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு. சில நேரங்களில் அது கடமையும்கூட. இந்த எண்ணில் "ஆங்கிலம் தெரிந்த விசுவாசிகள்" என்று எழுதியிருக்கவில்லை.

518ஆம் எண்: பங்கு என்பது பொதுவாக எல்லை வைத்து அமையும். தேவைப்பட்டால் மொழியின் அடிப்படையிலும் பங்கு அமைக்கலாம். மொழிக்காகத் தனிப் பங்கையே அனுமதிக்கும் சட்டம், மொழிக்காகப் பேரவையில் ஒரு நாற்காலியைத் தடுக்குமா?

512ஆம் எண் மறைமாவட்டப் பேரவையைப் பற்றியது. அதன் உறுப்பினர்கள் அங்குள்ள இறைமக்கள் முழுவதையும் உண்மையாகப் பிரதிபலிக்க வேண்டும், பல பகுதிகளையும் சமூக நிலைகளையும் தொழில்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. மறைமாவட்டத்துக்கு நியாயமானது பங்குக்கு மட்டும் அநியாயமா?

கடைசியாக வந்ததையும் சொல்லவேண்டும். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த "கூட்டொருங்கியக்கம்" பற்றிய ஆயர் மாமன்றம், 2024 அக்டோபர் 26இல் தன் இறுதி ஏட்டை நிறைவேற்றியது. பிரான்சிஸ் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அந்த ஏடு என்ன சொல்கிறது? இந்தப் பேரவைகள் கட்டாயமாக்கப்பட வேண்டும். உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படாத இடத்தில், சமூகத்தின் உண்மை நிலையைக் கலந்தறிந்து அதன்படி நியமிக்க வேண்டும். பெண்களும் இளையோரும் ஏழைகளும் ஓரத்தில் நிற்பவர்களும் உள்ளே வரவேண்டும். "வெறும் ஆலோசனை மட்டும்" என்ற பழைய வாய்பாட்டையே மறுபடி ஆராய வேண்டும். இதையெல்லாம் நாம் சொல்லவில்லை. உரோமையில் கூடிய மாமன்றம் சொன்னது.

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: "திருச்சபை ஜனநாயகம் அல்ல."

சரி. அல்லதான். ஆனால் ஜனநாயகம் இல்லாத வீட்டிலும் அப்பா ஒரு காரியத்தைச் செய்யும் முன் ஆச்சியை ஒரு வார்த்தை கேட்பார். கேட்காமல் செய்துவிட்டு, "ஆச்சியைக் கேட்டுத்தான் செய்தேன்" என்று ஊரில் சொல்லமாட்டார். நாம் பங்குத்தந்தையின் அதிகாரத்தைப் பறிக்கக் கேட்கவில்லை. கேட்டேன் என்று சொல்வதானால் உண்மையிலேயே கேளுங்கள் என்கிறோம்.

இரண்டாவது சாக்கு: "மொழி பேசினால் ஒற்றுமை கெடும்."

இதைச் சொல்லும்போது கொஞ்சம் நினைவு வேண்டும். நம் திருச்சபையின் வார இதழான ஹெரால்டு ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் வருவது. அதன் மலாய்ப் பகுதியில் இறைவனைக் குறிக்கும் ஒரு சொல்லுக்காக நீதிமன்றம் ஏறினார்கள். 2009 டிசம்பர் 31இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2014 ஜூன் 23இல் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கதவை மூடியது. அத்தனை ஆண்டுகளும் திருச்சபை என்ன வாதாடியது? சபா, சரவாக் மக்கள் தங்களுக்குத் தெரிந்த மொழியில், தங்கள் முன்னோர் சொன்ன சொல்லால் கடவுளைக் கூப்பிடும் உரிமையைப் பறிக்காதீர்கள் என்று வாதாடியது. நாமும் கூட நின்றோம். மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஜெபமாலை சொன்னோம்.

அமைச்சரிடம் கேட்கும்போது மொழி ஓர் உரிமை. பங்குப் பேரவையில் கேட்கும்போது மட்டும் அது பிரிவினையா?

ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒருவர் மொழிக்கு வருவதல்ல. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவைப் பாருங்கள். தமிழனும் சீனனும் கடாசானும் இபானும் ஒரே மலையில் ஏறுகிறார்கள், அவரவர் மொழியில் ஜெபிக்கிறார்கள். அங்கே யார் ஒற்றுமை கெட்டது?

மூன்றாவது சாக்கு: "இளைய தலைமுறைக்குத் தமிழே தெரியாது. தமிழ்த் திருப்பலிக்குக் கூட்டம் குறைகிறது."

இது சாக்கு மட்டுமல்ல, பாதி உண்மையும்தான். ஆனால் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடக்கூடாது. வாரம் ஒருமுறை இருந்ததை மாதம் இருமுறை ஆக்கினால் கூட்டம் குறையாமல் கூடுமா? வசதியான நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தமிழுக்கு வேலை நேரத்தை ஒதுக்கினால் யார் வருவார்? மறைக்கல்வி வகுப்பில் தமிழை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் தமிழ்ப் பூசைக்கு வருவதில்லை என்று கணக்கெடுப்பது எந்த ஊர் நியாயம்? மாணவர் இல்லை என்று சொல்லித் தமிழ்ப்பள்ளியை மூடிய கதையை நாம் தோட்டந்தோட்டமாகப் பார்த்தவர்கள். இந்த ராகம் நமக்குப் பழக்கம்.

தமிழ் ஆயர் இருந்தாரே!

இன்னொரு சமாதானமும் உண்டு. "உங்கள் இனத்தவர் ஆயராக, பேராயராக இருந்தாரே, இன்னும் என்ன வேண்டும்?"

உண்மைதான். கோலாலம்பூரின் முதல் ஆயரும் முதல் பேராயருமான டோமினிக் வெண்டார்கன் நம்மவர். அவருக்குப் பின் 1983இல் பொறுப்பேற்ற சோட்டர் பெர்னாண்டஸ் 2016இல் மலேசியாவின் முதல் கர்தினால் ஆனார். பினாங்கின் ஆயராக அந்தோணி செல்வநாயகம் இருந்தார். பெருமைதான்.

ஆனால் அமைச்சரவையில் ஓர் இந்தியர் இருந்ததால் தோட்டத்துத் தொழிலாளிக்கு வீடு கிடைத்துவிட்டதா? மேலே ஒருவர் இருப்பது வேறு. கீழே ஆயிரம் பேரைக் கேட்பது வேறு. முன்னது இருந்தால் பின்னது தானாக வரும் என்று நம்பியே ஐம்பது வருடத்தைத் தொலைத்த சமூகம் இது. கோயிலிலும் அதே ஏமாற்றம் வேண்டாம்.

நம் முதுகையும் பார்ப்போம்

பழியை எல்லாம் பங்குத்தந்தை மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. ஒரு பங்கில் நாலைந்து மொழிக்காரர்களை வைத்துக்கொண்டு திண்டாடும் குருக்களின் கஷ்டமும் கஷ்டம்தான்.

நம் தமிழ்க் குழுக்களின் லட்சணம் என்ன? ஒரே தலைவர், பத்துப் பன்னிரண்டு வருடம். எடுத்த நாற்காலியை விடமாட்டார். திருநாளுக்குத் தோரணம், ஒலிபெருக்கி, பிரியாணிச் சட்டி, யார் முதலில் தேர் வடம் பிடிப்பது என்ற சண்டை. இதற்கு மேல் ஒரு கூட்டத்திலாவது பங்கின் வரவு செலவைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? தமிழ்ப் பிள்ளைகளின் மறைக்கல்வியைப் பற்றி, குடிப்பழக்கத்தில் சிதையும் குடும்பத்தைப் பற்றி, அடையாள அட்டை இல்லாமல் அலையும் பிள்ளையைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோமா?

பேரவைக்குத் தமிழ்ப் பிரதிநிதியாகப் போகிறவர் அங்கே என்ன பேசினார் என்று திரும்பி வந்து நம்மிடம் சொன்னதுண்டா? நாமாவது கேட்டதுண்டா? கூட்டத்துக்கு அழைத்தால் வராமல், முடிவு வந்தபின் கோப்பிக் கடையில் கத்துவது போராட்டம் ஆகுமா?

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். கோயிலைக் கூட்டுவது, பூ வைப்பது, பாடுவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்வது, நோயாளியைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அம்மாக்களும் அக்காக்களும். மேடையில் மாலை வாங்குவது மட்டும் ஐயாமார். நம்மைக் கேட்கவில்லை என்று ஆங்கிலக்காரர் மேல் கோபப்படும் நாம், நம் வீட்டுப் பெண்களைக் கேட்டிருக்கிறோமா?

கேட்பது இவ்வளவுதான்

வாக்குரிமை இல்லாத பேரவையிலும் சில சாவிகள் உண்டு. யார் உள்ளே உட்காருகிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள், நிகழ்ச்சி நிரலை யார் எழுதுகிறார்கள், குறிப்பை யார் படிக்கிறார்கள், கணக்கை யார் பார்க்கிறார்கள். இந்த ஐந்தும் கையில் இல்லாதவனுக்கு ஆலோசனை உரிமை வெறும் அலங்காரம். ஆகவே:

1. பேரவையில் தமிழ் மட்டுமே பேசும் மக்களிலிருந்து, குறைந்தது ஒரு பெண் உட்பட, உறுப்பினர்கள் வேண்டும். அவர்களைத் தமிழ்ச் சமூகமே கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் யாரும் இருக்கக்கூடாது. இந்த விதி நமக்கும்தான்.

2. கூட்டத்தில் தமிழில் பேச அனுமதியும், பேசியதை உடனே மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். நம் பிள்ளைகளில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். செலவே இல்லை.

3. நிகழ்ச்சி நிரலும் கூட்டக் குறிப்பும் பங்கில் வழங்கும் எல்லா மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும்.

4. ஒரு மொழிச் சமூகத்தின் திருப்பலி, மறைக்கல்வி, திருநாள் ஆகியவற்றை மாற்றும் முன், அந்தச் சமூகத்தை நேரில் கூட்டி, அதன் மொழியில் கேட்க வேண்டும். கேட்டபின் வேறு முடிவு எடுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

5. நிதிக்குழுவின் ஆண்டுக் கணக்கு எல்லா மொழிகளிலும் அறிவிப்புப் பலகையில் தொங்க வேண்டும். காணிக்கைத் தட்டில் விழும் வெள்ளிக்கு மொழி இல்லை. கணக்குக்கு மட்டும் ஏன் ஒரே மொழி?

இதில் எது திருச்சபைச் சட்டத்துக்கு விரோதம்? எது ஒற்றுமையைக் கெடுக்கும்? யாராவது எடுத்துச் சொல்லட்டும், திருத்திக்கொள்கிறோம்.

தமிழ்க் கத்தோலிக்கத் தோழர்களே, அடுத்த பேரவைக் கூட்டம் எப்போது என்று இந்த ஞாயிறே கேளுங்கள். ஐந்து பேர் கையெழுத்திட்டு, மரியாதையாக, தமிழில் ஒரு கடிதம் கொடுங்கள். நகலை ஆயருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை மாதம் ஒரு கடிதம் எழுதுங்கள். கத்த வேண்டாம், கோயிலை விட்டுப் போகவும் வேண்டாம். அது நம் கோயில். நம் தாத்தாவின் வியர்வை அதில் இருக்கிறது.

மற்றச் சமயத்துத் தோழர்களே, உங்கள் ஆலய நிர்வாகக் குழுவிலும் இதே ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பதில் பல இடங்களில் நம்முடையதைவிட நன்றாக இருக்காது. அரசாங்கத்திடம் பங்கு கேட்கும் சமூகம், தன் சொந்த வாசலுக்குள்ளும் எல்லாருக்கும் பங்கு கொடுத்துப் பழக வேண்டும்.

என் அம்மா இப்போதும் தமிழ்த் திருப்பலி இல்லாத ஞாயிறுகளில் ஆங்கிலப் பூசைக்குப் போகிறார். பிரசங்கம் புரியாது. கடைசி பெஞ்சில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். காணிக்கைத் தட்டு வரும்போது மட்டும் அவரை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை.

அவரிடம் யாராவது கேட்க வேண்டும். தமிழில்.